கோயில் பின்னாடி

எங்கள் தெருவுக்கு நோயைக் கொண்டுவந்தது என் கடைப் பிரிண்டர்தான் என்று நான் மனதார நம்பினேன்.

சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். நான் பி.காம். பாஸ், அதுவும் ஒரே தடவையில். ஆனாலும் என்ன செய்ய? பிரிண்டரின் தலை இடமும் வலமுமாக ஓடி எங்கள் தெருவின் மேல் சிவப்பு மையைத் தடவிக்கொண்டு போனதை இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் ஒரு தும்மல் கிடையாது. அடுத்த சில நாளில் எதிர் வீட்டில் இருமல், பக்கத்து வீட்டில் ஜுரம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? பிரிண்டரை ஆஃப் செய்து, பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, கோயிலில் வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தை அதன் மேல் தெளித்தேன். அன்றிலிருந்து அது நீலத்தைச் சரியாக அடிப்பதில்லை. அது என் பக்திக்குக் கிடைத்த பலன்.

அந்தச் சிவப்பை அடிக்கச் சொன்னவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முதல் நாளே போனில் 'மேப் மேடம்' என்று பதிந்துகொண்டேன். அதற்கப்புறம் பெயரைக் கேட்பது, பந்தியில் பாதி சாப்பிட்ட பிறகு இது யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பது மாதிரி ஆகிவிட்டது.

இந்தக் கன்னட ஊரில், விவேக் நகரில் கோயிலுக்குப் பின்னால் போர்டும் பேனரும் அடிக்கிற கடை என்னுடையது. கல்யாணம், பிறந்தநாள், கட்சிக்காரருக்கு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. அந்த இரண்டாவது அலைச் சமயத்தில் கடைசி ஐட்டம் மட்டும்தான் ஓடியது. கடை கீழே, வீடு மேலே. வீட்டில் நானும் என் மனைவியும். அவளுக்கு வீசிங். மழைக்கு முந்தின நாளே அவள் நெஞ்சு விசிலடிக்கும்; வானிலை அறிக்கை கேட்க வேண்டியதே இல்லை என்று நான் பல வருஷமாக ஜோக் அடித்துவந்தேன். நுரையீரலைப் பிடிக்கிற நோய் ஊருக்குள் வந்ததும் அந்த ஜோக்கை நிறுத்திவிட்டேன். அவள் விசில் சத்தத்தை, தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு கேட்கத் தொடங்கினேன்.

மேப் மேடம் வந்தது வார்டு ஆபீஸிலிருந்து. அங்கே நோய்க்கென்று ஒரு அறை திறந்திருந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து, நோய் வந்தவர்களுக்கு போன் போட்டு விலாசம் கேட்பார்கள். ஒவ்வொரு விலாசத்தையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக்கி, புள்ளிகள் கூடுகிற தெருவுக்கு நிறம் கொடுப்பது இவர் வேலை. மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து. எந்தத் தெருவுக்கு முதலில் ஆள் அனுப்புவது என்பதை அந்த நிறத்தைப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆபீஸ் பிரிண்டர் கைக்குட்டை அளவுக்குத்தான் அடிக்கும் என்பதால், சுவர் அளவுக்கு அடிக்க என்னிடம் வந்தார்.

திருப்பத்தூர்ப் பக்கம், ஜியாக்ரஃபி படிப்பு, முப்பது வயது இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. தலையில் ஹெல்மெட், மூக்கில் இரண்டு மாஸ்க், கண்ணாடி முழுக்க ஆவி. ஸ்கூட்டரை விட்டு இறங்கிக் கடைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கேட்டதற்கு, "கழட்டினா வைக்க எடம் வேணும், வச்ச எடத்தைத் தொடைக்கணும், தொடைச்ச துணிய எங்க போடறது?" என்றார். இன்றைக்கு அவர் என் எதிரே வந்து நின்றால், ஹெல்மெட் மாட்டினால்தான் எனக்கு அடையாளம் தெரியும்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. யார் என்ன சொன்னாலும் அதைத்தான் கேட்பார்.

எதிர்ச் சந்தில் கூட்ஸ் ஆட்டோ வைத்திருக்கும் பாஷா ஒரு நாள் கடை வாசலில் நின்றுகொண்டு அளந்தான். "மேடம், மார்க்கெட் அண்ட வீட்டுக்கு வீடு வந்துகினு கீதாம். பூரா காலி."

"தெரியுமா, நினைக்கிறீங்களா?"

"வாட்ஸ்அப்ல வந்துச்சு மேடம்."

"அப்ப வாட்ஸ்அப்புக்குத் தெரியுமா?"

பாஷா யோசித்துவிட்டு, "அதுவும் நெனைக்கிதுன்னு நெனைக்கிறேன்" என்றான்.

என் மனைவி மேலேயிருந்து ஒரு தட்டில் உப்புமா கொடுத்தனுப்பினால், நாங்கள் எல்லோரும் தள்ளிப்போய் நின்ற பிறகு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிச் சாப்பிடுவார். "உப்பு சரியா இருக்காம்மா?" என்று மாடிப்படியிலிருந்து குரல் வரும். நானாக இருந்தால் வாயில் வைப்பதற்கு முன்பே பிரமாதம் என்றிருப்பேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் பிழைத்திருப்பது அப்படித்தான். இவர் மென்று, விழுங்கி, இன்னொரு வாய் வைத்து, அப்புறம்தான் சொல்வார். சில நாள், "கொஞ்சம் கம்மி அக்கா." என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான். "அந்தப் பொண்ணு ஒண்ணுதான் இந்தக் கடைக்கு வர்றதுல பொய் சொல்லாதது" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வேறு யாரைப் பார்ப்பாள்?

தன் விஷயத்திலும் அவர் அப்படித்தான். இது பின்னால் நடந்தது, நினைவு வந்தபோதே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் போன் செய்தார். "சார், நேத்து அனுப்பின ஃபைல்ல ஒரு பில்டிங் விட்டுப்போச்சு. மாவு மில்லுக்கு அந்தாண்ட லேடீஸ் பி.ஜி. புதுசா அனுப்பறேன், அதை அடிங்க."

"அங்க யாருக்கு மேடம்?"

"எனக்குத்தான்."

பி.ஜி. விடுதி ஓனரம்மா வாசலில் நின்று கத்தியதைத் தெருவே கேட்டதாம். நான் போனில், "உங்க ஒருத்தர் புள்ளிதானே மேடம், யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன், உதவி செய்கிற நினைப்பில். அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "வேணும்கிற புள்ளிய வச்சு வேணாங்கிற புள்ளிய எடுத்தா அது மேப்பா சார்? கோலம்." அன்று மதியம் என் மனைவி ரசம் சாதம் கட்டி பாஷாவிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போனில் கேட்டாள், உப்பு எப்படி என்று. "தெரியலக்கா. இன்னிக்கு நெஜமாவே நாக்குக்கு ஒண்ணும் தெரியல."

இருக்கட்டும், முதல் வரைபடத்துக்கு வருகிறேன்.

அது பிரிண்டரிலிருந்து அங்குலம் அங்குலமாக இறங்கியபோது நான் எங்கள் தெருவைத் தேடிக்கொண்டு நின்றேன். வார்டின் அந்தக் கோடியில், அம்மன் கோயில் தெரு ரத்தச் சிவப்பு. அதைச் சுற்றி மஞ்சள். எங்கள் தெரு? வெள்ளை வெளேர். சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி. உடனே போனில் படம் பிடித்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன்: 'கோயில் பின்னாடி இருக்கிறோம், சாமி கைவிடவில்லை.' கும்பிடு போட்ட கைகளாக வந்து குவிந்தன.

"என்ன மேடம், நம்ம தெரு பளிச்சுன்னு இருக்கே!"

"வெள்ளைன்னா என்ன சார்?"

"சுத்தம். நோய் இல்ல."

"அப்படியா போட்டிருக்கு?" ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தைக் காட்டினார். வெள்ளைக்கு நேரே 'தகவல் இல்லை' என்று இருந்தது.

"தகவல் இல்லன்னா நல்ல தகவல்தானே மேடம்? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஒரு தகவலும் வரலன்னா சந்தோஷமா இருக்கோம் இல்லியா?"

ஆவி படிந்த கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நீங்க இப்படி நினைச்சா ஊர்ல பாதிப்பேர் இப்படித்தான் நினைப்பாங்க. தப்பு என் மேலதான்" என்று சொல்லிவிட்டு, என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெள்ளை எல்லாவற்றையும் சாம்பல் ஆக்கினார். தெரியாத இடமெல்லாம் சாம்பல்.

"வேணாம் மேடம்! அது கண்ணீர் அஞ்சலிக் கலர். ஜனங்க பயந்துடுவாங்க."

"பயந்தா கேப்பாங்க இல்ல? கேக்கட்டும்."

இரண்டாவது தடவை பிரிண்ட் போட்டோம். சலவைக்குப் போன எங்கள் தெரு, சாம்பலில் புரண்டு எழுந்து வந்தது. நான் அந்தப் படத்தைக் குழுவில் போடவில்லை.

அடுத்த முறை வந்தபோது அவர் முகம் சரியில்லை. முகம் தெரியாது என்றேனே; ஹெல்மெட் சரியில்லை, தொங்கிப்போயிருந்தது. அம்மன் கோயில் தெருவுக்குத் தினமும் ஆள் போய் வீடு வீடாகப் பார்க்கிறார்கள். எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார்கள். பூக்காரி வியாபாரம் போச்சு என்று அழுகிறாள், தள்ளுவண்டிக்காரன் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறான். ஆனால் புதுப்புள்ளிகள் அங்கேயேதான் விழுகின்றன.

"சொல்ற விலாசம் அங்க இருக்கு, ஆளு அங்க இல்ல. அப்ப ஆளு எங்க?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் மாடிப்படியில் என் மனைவி இறங்கிவந்தாள். "ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமையும் கோயில்ல பூசை கெடையாதாம். சாமியார் போன்லயே வைக்கிறாராம், எட்டு மணிக்குப் பார்க்கணுமாம்."

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த மேடத்தின் விரல்கள் நின்றன.

"அக்கா, உங்க பேரு என்ன?"

"ஸ்டெல்லா. ஏம்மா?"

"எந்தக் கோயில்ல பூசை இல்ல?"

"எந்தக் கோயிலா? நம்ம கோயில்தான். இதோ, முன்னாடி சிலுவை தெரியுதே."

"அது சர்ச் அக்கா."

"சர்ச்சுன்னும் சொல்லுவாங்க."

மேடம் மெதுவாக எழுந்து மை டப்பாக்கள் இருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். "எங்க ஊர்ல கோயில்னா கோயில்தான்" என்றார்.

"எங்களுக்கும் கோயில்னா கோயில்தான் மேடம்" என்றேன் நான்.

வாசிக்கிறவர்களே, நீங்களும் இவ்வளவு நேரம் கோபுரத்தைத்தானே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? குற்றமில்லை. தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்களுக்கு அது கோயில், உள்ளே நடப்பது பூசை, வைப்பவர் சாமியார், தெளிப்பது தீர்த்தம். ஜுரத்தில் படுத்திருப்பவனுக்கு வார்டு ஆபீஸிலிருந்து போன் வருகிறது. வீடு எங்கே? பழைய நம்பர், புது நம்பர், எத்தனையாவது கிராஸ் தெரு என்று எண்ணிக்கொண்டே போனால் சிலுவைப்பாதை ஜெபமே முடிந்துவிடும் என்பதால், 'கோயில் பின்னாடி' என்கிறான். கேட்கிற கன்னடப் பையன் அதை அழகாக மொழிபெயர்த்து இங்கிலீஷில் 'டெம்பிள்' என்று தட்டுகிறான். எங்கள் தெருவில் இருமினால் அம்மன் கோயில் தெருவில் புள்ளி விழுகிறது. அம்மன் பாவம், எங்கள் நோயை எல்லாம் தன் தலையில் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் உற்சாகமாகிவிட்டேன். "அப்படின்னா எல்லாத்தையும் தூக்கி இந்தப் பக்கம் போட்டுடலாம் மேடம். எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

"தெரியுமா, நினைக்கிறீங்களா?"

கடை போனை அவர் பக்கம் தள்ளினேன்.

ஒவ்வொருவருக்கும் திரும்பப் போன் போட்டார். எந்தக் கோயில் என்று கேட்டால், "நம்ம கோயில்தான்" என்று பதில் வந்தது. மணி அடிக்குமா? இரண்டிலும் அடிக்கும். கொடியேற்றம்? இரண்டிலும் உண்டு. தேர்? அதுவும். வாசலில் பூ விற்பார்களா? கேட்கவே வேண்டாம். கடைசியில் நான்தான் சொன்னேன், இது ஒன்றாவது என் மூளையில் உதித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்: "மெழுகுவர்த்தியா, கற்பூரமான்னு கேளுங்க மேடம்."

அப்படியே கேட்டார். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் கிடப்பவர்களை எழுப்பி, "சார், உங்க கோயில்ல மெழுகுவர்த்தியா கற்பூரமா?" ஒரு பெரியவர், "ரெண்டும் வாங்கி வைம்மா, எது தேவைப்படும்னு தெரியல" என்றாராம். இன்னொரு அம்மா, வியாழக்கிழமை மெழுகுவர்த்தி, வெள்ளிக்கிழமை கற்பூரம் என்றாராம். இந்த ஊரில் அதுவும் உண்டு. அந்த அம்மாள் வீட்டை மேடம் எந்தப் பக்கமும் தள்ளவில்லை. ஆள் நேரில் போய்ப் பார்த்து வரும்வரை அது சாம்பலாகவே இருந்தது.

புது ஃபைலோடு அவர் வந்த அன்று, கம்ப்யூட்டர் திரையிலேயே பார்த்துவிட்டேன். அம்மன் கோயில் தெரு வெளிர் மஞ்சளுக்கு இறங்கியிருந்தது. எங்கள் தெரு, கடைசி வீடு வரைக்கும் சிவப்பு. அந்தச் சிவப்புக்கு நடுவில் என் கடை. கடைக்கு மேலே என் வீடு. வீட்டுக்குள் ஒரு விசில்.

"மெஜந்தா தீர்ந்துபோச்சு மேடம்" என்றேன். மெஜந்தா இல்லாமல் சிவப்பு வராது. "லாக்டவுன்ல சப்ளை இல்ல. பச்சை வேணா அடிச்சுத் தரவா?"

அவர் திரும்பி ஷெல்ஃபைப் பார்த்தார். "அந்த பாட்டில்ல இருக்கறது ரோஸ்மில்க்கா சார்?"

அடித்தேன். நான் முதலில் சொன்னேனே, கண்ணால் பார்த்தேன் என்று, அது இதைத்தான். மறுநாளிலிருந்து தெருவில் ஒவ்வொரு வீடாக இருமத் தொடங்கியதாக என் காதுக்குப் பட்டது.

தப்பித்துப் போக எனக்கு ஓர் இடம் இருந்தது. ஊருக்கு வெளியே, ஒசகோட்டை போகிற வழியில், ஸ்டெல்லாவின் தம்பி புதிதாகக் கட்டிய வீடு. அவன் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டதால் பூட்டிக் கிடந்தது. மேடம் ஒருமுறை அடித்துக்கொண்டு போன ஊர் முழுக்க உள்ள வரைபடத்தில் அந்த லேஅவுட் சாம்பல். சாம்பல் என்றால் என்னவென்று எனக்குப் பாடம் எடுத்தாயிற்று. ஆனால் பயந்தவன் கண்ணுக்குச் சாம்பலும் பச்சையாகத்தான் தெரிகிறது. சிவப்பு இல்லை அல்லவா, அது போதும். பாஷாவைக் கூப்பிட்டேன். அரிசி மூட்டை, மெத்தை, கேஸ் அடுப்பு, இன்ஹேலர்கள், சாமி சுரூபம் எல்லாம் ஆட்டோவில் ஏறின. ஸ்டெல்லா மட்டும் ஏறவில்லை. படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்காகன்னு ஊர்ல சொல்லாதீங்க. பயம் உங்களுக்கு, நெஞ்சு மட்டும் என்னுதா?"

"அண்ணி சொல்றது கரெக்டு அண்ணே" என்றான் பாஷா, என் மெத்தையைக் கட்டிக்கொண்டே.

மேப் மேடத்தின் ஸ்கூட்டர் அப்போதுதான் வந்து நின்றது. ஆட்டோவைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், ஸ்டெல்லாவைப் பார்த்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க யாராச்சும் வீடு வீடா வந்து பார்க்கறாங்களா சார்?"

"தெரி... இல்ல."

"அக்காவுக்கு அங்க மூச்சு வாங்கினா என்ன பண்ணுவீங்க?"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டாச்சு. டிரைவர் வழி கேக்கறாரு. சொல்லுங்க."

"மெயின் ரோட்லேர்ந்து உள்ள திரும்பி..." என்று ஆரம்பித்தேன். அந்த வீட்டுக்கு நான் இரண்டு முறைதான் போயிருந்தேன். "நேரா வந்தா... ஒரு கோயில் வரும்..."

பாஷா கயிற்றை விட்டுவிட்டான். "எந்தக் கோயிலு அண்ணே?"

ஸ்டெல்லா சிரித்துச் சிரித்து இருமல் வந்து, இன்ஹேலரை மூட்டைக்குள்ளிருந்து தோண்டி எடுக்கவேண்டியதாயிற்று. மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "சிவப்புன்னா நீங்க ஓடணும்னு இல்ல சார். நாங்க வரணும்னுதான் அடிக்கறோம்" என்று சொல்லிவிட்டு, வரைபடத்தைத் தெருமுனையில் கட்டப் போய்விட்டார். பாஷா மெத்தையை இறக்கினான். வாடகையில் பாதியைப் பிடித்துக்கொண்டான், தெருவைத் தாண்டாத சவாரிக்கு.

மறுநாள் காலை ஆஷா அக்கா வந்தார். சுகாதார வேலைக்கு வீடு வீடாக வருகிறவர். கன்னடத்துக்கு நடுவே கொஞ்சம் தமிழ் போட்டுப் பேசுவார். கையில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற விரல் கருவி. வரிசையில் நான்தான் முதல் ஆள். எனக்குத்தான் முடிவு நெருங்கிவிட்டதே. விரலை நீட்டினேன். கருவி ஒன்றும் காட்டவில்லை. அடுத்த விரல். ஒன்றும் இல்லை.

"போச்சு! நாடியே இல்லையா அக்கா?"

ஆஷா அக்கா என் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். பத்து விரலிலும் மெஜந்தா. "கை தொள்கொண்டு பன்னி சார்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்கிறார். கன்னடத்தில் 'பன்னி' என்றால் வாருங்கள். இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அதன் தமிழ் அர்த்தமும் எனக்குப் பொருந்தியது.

நான் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "நீங்களும் வைங்கம்மா" என்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல, அடுப்புல கொழம்பு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் வந்து விரலை வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். ஆஷா அக்கா வேறு விரலில் வைத்தார். பிறகு மற்ற கையில். தொண்ணூறுக்குக் கீழே. நின்றுகொண்டு, பேசிக்கொண்டு, குழம்புக்கு உப்புப் போட்டாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருந்த மனுஷிக்கு, தொண்ணூறுக்குக் கீழே.

ஆஷா அக்கா வார்டு அறைக்குப் போன் போட்டார். படுக்கை ஒன்று பிடித்தார்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு மேப் மேடம்தான் வழி சொன்னார், ஸ்பீக்கரில் கேட்டேன். கோயில் என்ற வார்த்தையே வரவில்லை. "மாவு மில்லுக்கு எதிர்ச் சந்து, லெஃப்ட்ல நீலக் கேட்டு, மேல வெள்ளைத் தொட்டி, கீழ பேனர் கடை. வாசல்ல ஒருத்தர் ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டு நிப்பாரு. அவருக்கு ஒண்ணுமில்ல. பேஷன்ட் பக்கத்துல உக்காந்திருப்பாங்க."

உண்மையில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குள் என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பை அணைத்தேன், குழம்பு அடிப்பிடித்திருந்தது. அந்த நாட்களில் எனக்கு ஆறுதல் சொல்லாதவர்களே கிடையாது. "ஒண்ணும் ஆவாது" என்றான் மைத்துனன். "வந்துடுவாங்க" என்றார் சாமியார். "நல்லா கீறாங்க அண்ணே" என்றான் பாஷா, ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்காதவன். நானே ஆயுசு முழுக்க இப்படிப் பொய்யான ஆறுதல்களை ஊருக்கு விநியோகித்தவன் என்பதால் ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. தினமும் மேப் மேடத்துக்குப் போன் செய்தேன்.

"பொழைச்சுக்குவாளா மேடம்?"

"தெரியல சார்."

மறுநாள். "இன்னிக்கு எப்படி மேடம்? தேவலையா?"

"தெரியல சார். கேட்டிருக்கேன்."

எனக்குக் கோபம் வரும். ஒரே ஒரு தடவை சும்மா சொன்னால் என்ன குறைந்துவிடும்? போனை வைத்துவிட்டு, பெட்ஷீட் போர்த்திய பிரிண்டரைப் பார்த்துத் திட்டுவேன். மறுநாள் திரும்ப அவருக்கே போன் செய்வேன். பொய் சொல்ல ஊரே இருந்தது. தெரியவில்லை என்று சொல்ல அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

பிறகு ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். போனை எடுத்தேன்.

"சார், தெரியும்."

"என்ன மேடம்?"

"தெரியும் சார். டாக்டர்கிட்டயே பேசினேன். ஆக்ஸிஜனை எடுத்துட்டாங்க. அக்கா இட்லி கேட்டிருக்காங்க. சாம்பார்ல உப்பு இல்லைன்னு சொன்னாங்களாம்."

நான் அங்கேயே கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தெரியுமா, நினைக்கிறீர்களா என்று அவரிடம் யார் கேட்பார்கள்?

ஸ்டெல்லா வீட்டுக்கு வந்து, அடிப்பிடித்த சட்டியைப் பார்த்து என்னைத் திட்டத் தொடங்கிய பிறகு, எனக்குள் ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. அவள் வீட்டை விட்டு வெளியே போகாதவள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக் கூட்டத்தில் நின்றவன் நான். சிரிப்பு முகம் தெரியவேண்டுமே என்று மாஸ்க்கை இறக்கிவிட்டு ஜோக் அடிப்பவனும் நான்தான். கடைசி வரைபடத்துக்காக மேப் மேடம் வந்து, நான் பிரிண்டரின் பெட்ஷீட்டை எடுத்தபோது கேட்டேன். பி.ஜி.யில் படுத்தெழுந்து இளைத்திருந்தார். ஹெல்மெட் மட்டும் அதே அளவு.

"மேடம், எங்க வீட்டுக்குள்ள கொண்டாந்தது நான்தானே?"

கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தார். அப்போதுதான் அவர் கண்களை ஒரு தடவை பார்த்தேன்.

"அது சாம்பல் சார்" என்றார். "விட்டுடுங்க."

ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. திருப்பத்தூருக்கே போயிருக்கலாம் என்று பாஷா சொல்கிறான், அவன் நினைக்கிறான். அந்த நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, எடுத்தால் தெலுங்கில் பேசுகிறார்கள். அழிக்கவில்லை. நான் வானத்தைப் பார்த்து மழை வரும்போலிருக்கிறது என்றால், ஸ்டெல்லா உள்ளேயிருந்து கேட்கிறாள்: "தெரியுமா, நினைக்கிறீங்களா?" இந்த வீட்டில் மழையைப் பற்றி 'தெரியும்' என்று சொல்லும் உரிமை அவள் நெஞ்சுக்குத்தான் உண்டு.

நடந்தது இவ்வளவுதான். என் பிரிண்டர் சிவப்பு அடிப்பதற்கு முன்பே நோய் எங்கள் தெருவில் இருந்தது. அடித்த பிறகு ஆள் வந்தார். ஸ்டெல்லா உயிரோடு இருக்கிறாள்.